நகரம், கோட்டை, தோட்டம்: வேலி ஒன்றுதான்

கேள்வி: ஆறு மாதமாக ரஷ்ய மொழி படிக்கிறேன். நகரத்துக்கு 'கோரொத்' என்று சொல்லித் தந்தார்கள். ஆனால் லெனின்கிராத், வோல்கோகிராத் என்று ஊர்ப்பெயர்களில் 'கிராத்' வருகிறது. செக் மொழியில் 'ஹ்ராத்' என்றால் கோட்டை, போலிஷில் 'ஒக்ருத்' என்றால் தோட்டமாம். எல்லாம் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். ரஷ்யன், செக், போலிஷ் எல்லாம் சேர்ந்த ஸ்லாவிய மொழிக் குடும்பம் பிரிவதற்கு முன் அது 'கோர்த்' என்பது போல ஒலித்தது ('தங்கம்' என்பதில் வரும் க, 'பந்து' என்பதில் வரும் த). பொருள், வேலி கட்டி அடைத்த இடம். லித்துவேனிய மொழியில் 'கார்தாஸ்' இன்றும் கால்நடைப் பட்டிதான். நம் பட்டி மட்டும் என்ன? ஆடு மாடு அடைப்பதும் பட்டி, கோவில்பட்டி என்று ஊரானதும் பட்டி. சமஸ்கிருத 'கிருஹம்' இதற்குத் தூரத்து உறவு; ஆகவே கிருகப்பிரவேசப் பத்திரிகையிலும் இந்தச் சொல் இருக்கிறது. (அதை 'கிரகப்பிரவேசம்' என்று அச்சடித்தால் கோளுக்குள் குடிபோக வேண்டியதுதான்.)

வடிவம் சிதறியதற்குக் காரணம், இரண்டு மெய்களுக்கு நடுவே மாட்டிய 'ஓர்'. கிழக்கே ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ர்-க்குப் பின் ஓர் உயிரைச் செருகினார்கள், நாம் கர்மத்தைக் கருமம் ஆக்கியது போல: கோரொத். தெற்கிலும் செக், ஸ்லோவாக் பக்கமும் எழுத்தை இடம் மாற்றி உயிரை நீட்டினார்கள், தசை சதை ஆனது போல: கிராத். போலிஷில் இடம் மாறியது, ஆனால் ஆ வரவில்லை; பழைய ஓகாரம் பின்னால் ஊகாரமாகி இன்று 'க்ருத்'. பால்டிக் கரையோரப் பொமரேனியாவில் இடமே மாறவில்லை: 'கார்த்'. செர்பியாவின் பெல்கிரேட் (அவர்கள் வாயில் பெயோகிராத்), ரஷ்யாவின் பெல்கோரொத், போலந்தின் பியவோகார்த் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றுக்கும் பொருள் 'வெள்ளை ஊர்'. செக், ஸ்லோவாக், உக்ரைனிய, பெலாரஸ் மொழிகளில் க என்பது ஹ ஆகிவிட்டது; அதனால்தான் ஹ்ராத்.

அப்படியானால் ரஷ்யாவுக்குள் லெனின்கிராத் எப்படி? 'கிராத்' அங்கே தேவாலய ஸ்லாவியத்திலிருந்து வந்த இரவல். தெற்கு ஸ்லாவியப் பேச்சில் எழுந்த வழிபாட்டு மொழி அது. ரஷ்யக் காதுக்குக் கம்பீரமாக ஒலிக்கும். 1914இல் ஜெர்மன் வாடை வீசிய பீட்டர்ஸ்பர்க்கைப் பெத்ரோகிராத் ஆக்கியபோது அந்தக் கம்பீரம்தான் உதவியது. 1924இல் லெனின்கிராத், 1961இல் வோல்கோகிராத் என்று அதே அச்சு தொடர்ந்தது. இரண்டு வடிவமும் சேர்ந்து வாழும் ஜோடி ஒன்று: 'கரஜானின்' நகரவாசி, 'கிரஜ்தானின்' குடிமகன்.

பொருளில்தான் கால் இடறும். ரஷ்யன், செர்பியன், பல்கேரியனில் நகரம். செக், ஸ்லோவேனியனில் கோட்டை. உக்ரைனில் 'ஹோரொத்' எங்கே என்று கேட்டால் காய்கறிப் பாத்தியைக் காட்டுவார்கள். நகரத்துக்கு அங்கே 'மிஸ்தோ', போலந்தில் 'மியாஸ்தோ'. அதே சொல்லின் ரஷ்ய வடிவமான 'மேஸ்தோ'வுக்கோ வெறும் 'இடம்' என்று பொருள்.

புதுச் சொல் கிடைத்தால் காக்கையை வைத்துச் சோதியுங்கள்: ரஷ்யன் வரோனா, போலிஷ் வ்ரொனா, செக் வ்ரானா. இதே வரிசையில் மூன்றும் விழுந்தால் மூலத்தில் 'ஓர்' இருந்தது. மூன்றிலும் 'ரா' என்றே நின்றால் மூலமே அதுதான். சகோதரனைக் குறிக்கும் 'பிராத்' அப்படி. ஆலங்கட்டி மழைக்கான ரஷ்ய 'கிராத்'தும் அந்த ரகம், நகரத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. போலிஷில் ஆலங்கட்டி 'கிராத்', கோட்டை 'க்ருத்' என்று வேறுபாடு பளிச்சென்று தெரியும். செர்பியனில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். ஆகாரத்தை நீட்டினால் நகரம், குறுக்கினால் ஆலங்கட்டி.