விருப்ப ஓய்வுக்குப் பின் மாதம் எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 56. தனியார் நிறுவனம் ஒன்றில் 29 ஆண்டுகள் பணியாற்றிச் சென்ற மாதம் விருப்ப ஓய்வு பெற்றேன். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, நிறுவனம் தந்த இழப்பீடு எல்லாம் சேர்த்து 1 கோடியே 20 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. சொந்த வீடு உண்டு, கடன் இல்லை, பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள். எனக்கும் மனைவிக்கும் மாதச் செலவு 38,000 ரூபாய் ஆகிறது. வங்கி வட்டியே இதைவிட அதிகமாக வருமே என்று நான் நினைக்கிறேன், மனைவிக்குத்தான் பயம். வங்கி அதிகாரி சொன்னதன்பேரில் 10 லட்சத்தை ‘உத்தரவாத வருமான’த் திட்டம் ஒன்றில் போட்டிருக்கிறேன், போன வாரம் அதன் பத்திரமும் வந்துவிட்டது. மாதம் எவ்வளவு எடுத்தால் பணம் கடைசிவரை வரும்?

பதில்: உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் 38,000 ரூபாய் உங்கள் குடும்பத்தின் உண்மையான செலவாக இருக்க வாய்ப்பில்லை. சம்பளக்காரர்கள் எல்லோரும் மாதக் கணக்கிலேயே யோசித்துப் பழகியவர்கள் என்பதால், மாதாமாதம் வராத செலவுகள் அவர்கள் கணக்கில் ஏறுவதே இல்லை. அரையாண்டுக்கு ஒருமுறை வரும் சொத்து வரி, வண்டிக் காப்பீடு, தீபாவளித் துணிமணி, இரு பக்கத்து உறவிலும் வரிசையாக வரும் கல்யாணங்களுக்கு எழுதும் மொய், ஊருக்குப் போய்வரும் செலவு, திடீரென நின்றுபோகும் வாஷிங் மெஷின், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிக்கும் வெள்ளை என இவை ஒவ்வொன்றும் ‘இந்த மாதம் மட்டும்’ என்ற பெயரில் வந்து போகும். போதாததற்கு, இதுவரை நிறுவனம் கட்டிவந்த கைபேசிக் கட்டணமும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் இனி உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும்.

ஆகவே முதலில், கடந்த 12 மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கையையும் யுபிஐ பட்டியலையும் அச்செடுத்து, உங்கள் மனைவியோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். மாதச் செலவில் சேராத தொகைகளைத் தனியே கூட்டுங்கள். அது ஆண்டுக்கு 1 லட்சத்து 44 ஆயிரம் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் 38,000 ரூபாய் ஆண்டுக்கு 4 லட்சத்து 56 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 6 லட்சம், அதாவது மாதம் 50,000 ரூபாய். இனி எந்தத் திட்டத்தையும் இந்த 50,000 ரூபாயை வைத்தே போட வேண்டும்.

இப்போது வட்டிக்கு வருவோம். 1 கோடியே 20 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதம் 70,000 ரூபாய். செலவு 50,000 போக 20,000 மிச்சம் என்று மனம் குளிரும். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் உங்கள் 62ஆவது வயதில் செலவும் 70,000 ரூபாயைத் தொட்டுவிடும். 68ஆவது வயதில் அது 1 லட்சம். வட்டியோ அதே 70,000 ரூபாயில்தான் நிற்கும். மிச்சத்தையெல்லாம் செலவழிக்காமல் சேர்த்தே வைத்தாலும், இதே விகிதங்களில் இந்தப் பணம் ஏறக்குறைய 22 ஆண்டுகளில், உங்கள் 78ஆவது வயதையொட்டித் தீர்ந்துவிடும். மனைவி உங்களைவிட இளையவராக இருந்தால், கையில் ஒன்றும் இல்லாத ஆண்டுகள் அவருக்குத்தான் அதிகம்.

முதல் ஆண்டில் மாதம் 40,000 ரூபாய் எடுத்து, பின்னர் ஆண்டுதோறும் விலைவாசி ஏறும் அளவுக்கு மட்டும் அதைக் கூட்டினால் இதே பணம் 28 ஆண்டுகளுக்கு மேல் வரும். முதல் ஆண்டில் கையிருப்பில் 4 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற விதியை 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் முன்வைத்தார். அது அந்நாட்டுச் சந்தையை வைத்து 30 ஆண்டுகளுக்குப் போட்ட கணக்கு. இங்கே அதை உச்சவரம்பாகக் கொள்ளுங்கள். உங்களுக்கு அது சரியாக 40,000 ரூபாய்தான். அந்தத் தொகையை மாதம் முதல் தேதியன்று சம்பளம்போல ஒரு கணக்குக்கு மாற்றி, அதில் ஆண்டுச் செலவுகளுக்கான பங்கை அன்றே இன்னொரு கணக்குக்கு நகர்த்திவிடுங்கள். கையிருப்பில் கால் பங்கையாவது, சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனப் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதிகளில் படிப்படியாகப் போட்டால்தான் விலைவாசியை எட்டிப் பிடிக்க முடியும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு அந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

செலவு 50,000, எடுப்பது 40,000 என்றால் மாதம் 10,000 ரூபாய் பற்றாக்குறை இருக்கிறது. அதில் ஒரு பகுதியை வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியம் ஈடுகட்டும். முழு ஓய்வூதியம் 58 வயதில்தான். ஆனால் வேலையை விட்டவர் 50 வயதிலிருந்தே, குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைத்துக்கொண்டு வாங்கலாம். ‘ஆயுள் முழுக்க நஷ்டம், அவசரப்படாதீர்கள்’ என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். கணக்குப் போட்டால், 58 வரை காத்திருப்பவர் உங்களை முந்துவதற்குள் அவருக்கு வயது 80ஐ எட்டிவிடும். விலைவாசிக்கு ஏற்ப உயராத சில ஆயிரம் ரூபாயை, அதற்கு மதிப்பு இருக்கும்போதே வாங்கிக்கொள்வதில் தவறில்லை. விண்ணப்பத்தில் உள்ள பெயரின் தலைப்பெழுத்து ஆதாரில் பின்னால் இருந்தாலே திருப்பி அனுப்பிவிடும் அலுவலகத்தோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம். 29 ஆண்டுகள் மாதம் தவறாமல் பிடித்தம் செய்தபோது அவர்கள் கண்ணில் படாத எழுத்துப்பிழை, திருப்பித் தரும்போதுதான் படுகிறது. அதற்காக, சதவீதக் கணக்கில் கமிஷன் கேட்கும் ‘பி.எஃப். ஏஜென்ட்’டிடம் போய்க் கைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்லிவிடாதீர்கள். அவர் செய்வதும் நீங்கள் செய்யக்கூடிய அதே இணைய விண்ணப்பம்தான்.

அடுத்து, உங்கள் வயதுக்காரர்கள் தவறவிடும் ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மத்திய அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்கு மட்டும் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அஞ்சலக, வங்கிக் கவுண்ட்டர்களில் உட்கார்ந்திருப்பவர்களும் அப்படித்தான் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் 55 வயது நிறைந்து 60 வயதுக்குள் பணி ஓய்வு பெற்றவர், அது விருப்ப ஓய்வாக இருந்தாலும், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் இந்தக் கணக்கைத் தொடங்கலாம். முன்பு ஒரு மாதமே இருந்த இந்தக் கெடு 2023 நவம்பரில்தான் மூன்று மாதமாக்கப்பட்டது. ஓய்வுப் பலனாக வந்த தொகைக்குள், அதிகபட்சம் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கணக்குத் தொடங்கும் நாளில் என்ன விகிதமோ அதுவே ஐந்தாண்டுக்கும் நிற்கும். 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் வருகிறது. உங்கள் 40,000 ரூபாயில் பாதிக்கு மேல் இதிலேயே அடங்கிவிடும். இதற்கு, நீங்கள் ஓய்வு பெற்றதையும், பணியின் விவரத்தையும் காலத்தையும், பெற்ற பலன்களையும் குறிப்பிட்டு நிறுவனம் தரும் சான்றிதழ் வேண்டும். ஓய்வு பெற்ற ஊழியருக்குக் காகிதம் தருவது எந்த மனிதவள அலுவலருக்கும் அவசர வேலையாகத் தெரியாது என்பதால், இந்த வாரமே கேட்டு நச்சரியுங்கள். கெடு தாண்டினால் அடுத்த வாய்ப்பு 60 வயதில்தான். ‘வயது ஆகவில்லை’ என்று திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் விதிப்புத்தகத்தைத் திறப்பார்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. நிறுவனத்தின் குழுக் காப்பீடு இன்னும் நடப்பில் இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று அது முடிவதற்குள் கேளுங்கள். ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம், அதாவது சில நோய்களுக்கு இழப்பீடு கிடைக்காத தொடக்க காலம், வீணாகாமல் இருக்க அதுவே வழி.

இனி அந்த 10 லட்சத்துக்கு வருகிறேன். வெளிப்படையாகச் சொன்னால், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். உங்கள் கணக்கில் பெரும் தொகை விழுந்ததும் வங்கியிலிருந்து காபி கொடுத்து வரவேற்கும் அழைப்பு வந்ததே, அது தற்செயல் அல்ல. அந்த அதிகாரி உங்களுக்கு விற்றது வங்கி வைப்புத்தொகை அல்ல; காப்பீட்டு பாலிசி. பத்திரத்தில் ‘பிரீமியம் செலுத்தும் காலம்’ என்ற இடத்தைப் பாருங்கள். ‘ஒருமுறை’ என்பதற்குப் பதில் அங்கே 7 ஆண்டுகள் என்று இருந்தால், சம்பளமே இல்லாத நீங்கள் 70 லட்சம் கட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ‘காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போன் வரும், எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிடுங்கள்’ என்று அவர் சொல்லிக்கொடுத்திருப்பார். அந்த ‘ஆம்’ பதிவாகியிருப்பதால், பின்னால் நீங்கள் புகார் செய்யும்போது முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அவர் ‘10 சதவீத உத்தரவாதம்’ என்று காட்டியிருந்தால், அதில் நீங்கள் போட்ட பணமே திரும்பி வருவதும் கலந்திருக்கிறது. வரும் தொகைகளையும் தேதிகளையும் வைத்துக் கணக்கிட்டால் இத்தகைய திட்டங்களின் உண்மை வருமானம் பெரும்பாலும் 5 முதல் 6 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும். முதல் ஆண்டுக் கமிஷன் மட்டும் விற்றவர் பக்கம் உடனே போய்ச் சேர்ந்துவிடும். இப்படி விற்பவரை விட்டுவிட்டு, வாங்கியவர்தான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்கிற ஒழுங்குமுறை யாருக்குப் பயன்படுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

நல்ல வேளையாகப் பத்திரம் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அதுவரையிலான காப்பீட்டுக்குரிய சிறு தொகை ஆகியவை போக மீதி வந்துவிடும். கடிதத்தை வங்கிக் கிளையில் கொடுக்காதீர்கள். ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்றே நாட்கள் ஓடிவிடும். காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு நேரே போய் ரத்துக் கோரிக்கையைத் தந்து, தேதியோடு முத்திரையிட்ட ஒப்புகைப் பிரதி வாங்குங்கள். அன்றே அந்நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ‘இதைவிட நல்ல திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம்’ என்று யாராவது அழைத்தால், ரத்துத் தொகை உங்கள் கணக்கில் வந்து சேரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.