நீண்டகால நோயும் வேலைத்திறனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முடக்குவாதத்துக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் அரசுப் பள்ளி ஆசிரியை நான். நாள்தோறும் வலியைக் குறித்து வைக்கிறேன். மருத்துவர் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. (தஞ்சாவூர்)

பதில்: "இன்று வலி அதிகம்" என்ற வரி பக்கம் பக்கமாக நீண்டாலும் அதிலிருந்து மருத்துவருக்கோ கல்வித்துறைக்கோ எதுவும் தெரியவராது. அந்த வலியால் எந்த வேலை எவ்வளவு நேரத்தில் நின்றுபோனது என்பதை எழுதுங்கள்: காலையில் விரல்களின் இறுக்கம் தளர எத்தனை நிமிடம் ஆயிற்று, கரும்பலகையில் எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுத முடிந்தது, மாடி வகுப்புக்கு ஏறிய நாளின் மாலையில் முழங்கால் வீங்கியதா, விடைத்தாள் திருத்திய மறுநாள் சேலைக்கு ஊக்கு குத்த முடிந்ததா என்று. முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்தை வாரம் ஒருமுறை எடுப்பவரானால் மறுநாள் வரும் குமட்டலையும் சோர்வையும் சேருங்கள். மருந்தும் வேலைத்திறனைக் குறைக்கக்கூடியதுதான். நன்றாக இருந்த நாட்களையும் விடாமல் குறியுங்கள், எல்லா நாளும் மோசம் என்று சொல்லும் குறிப்பை யாரும் நம்புவதில்லை. மருத்துவரிடம் நோட்டை நீட்டாமல் அரைப் பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து, முக்கியமானவற்றைப் புறநோயாளிச் சீட்டில் பதியுமாறு கேளுங்கள். நோட்டில் இருப்பது உங்கள் கூற்று. சீட்டில் ஏறுவதே மருத்துவ ஆவணம்.

கேள்வி: எனக்கும் முடக்குவாதம்தான்; அரசு அலுவலக எழுத்தர். மருத்துவக் குழு என் குறைபாடு 35 விழுக்காடு என்று சான்றளித்துள்ளது. நாள்தோறும் எழுதும் குறிப்புகளைக் காட்டினால் உயர்த்துவார்களா? (வேலூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன், ஹீமோஃபீலியா ஆகியவை பெயரோடு இருக்கின்றன, முடக்குவாதம் இல்லை. ஆகவே அதை இயக்கக் குறைபாடாக, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று அளக்கிறார்கள். களைப்பு அந்தக் கணக்கில் சரியாக ஏறுவதில்லை. இது அளவுமுறையின் குறை என்றே நான் கருதுகிறேன். 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 40 விழுக்காடு என்ற எல்லை இடஒதுக்கீடு போன்றவற்றுக்கானது. அரசு அலுவலகம் ஊழியருக்குச் செய்து தர வேண்டிய நியாயமான வசதிகளை 20ஆம் பிரிவு அந்த எல்லையோடு கட்டவில்லை. தரைத்தள இருக்கை கேட்கும் மனுவோடு உங்கள் சுருக்கத்தை இணையுங்கள்.

கேள்வி: குறிப்பெழுதச் செயலியா, நோட்டா?

பதில்: எது விடாமல் நடக்குமோ அது. மூன்று மாதக் குறிப்பை ஒரே மாலையில், ஒரே பேனாவில் எழுதி நிரப்பாதீர்கள், பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: என் கணவர் அரசு அலுவலக ஓட்டுநர், பார்க்கின்சன் நோய் வந்துள்ளது. பரிசோதனைக்குப் போகும்போது நன்றாகவே இருக்கிறார். அலுவலகத்தில் விருப்ப ஓய்வு எழுதித் தரச் சொல்கிறார்கள். (மதுரை)

பதில்: பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பரிசோதித்தால் அப்படித்தான் தெரியும். மாத்திரை போட்ட நேரம், உடல் இளகத் தொடங்கிய நேரம், மீண்டும் இறுகிய நேரம் ஆகிய மூன்றையும் இரண்டு வாரம் குறித்து, இறுகிய நிலையில் அவர் நடப்பதை அவர் சம்மதத்தோடு செல்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஓய்வுக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். பணிக்காலத்தில் குறைபாடு அடைந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும், பழைய பணிக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும், அப்படி இடம் இல்லையெனில் பொருத்தமான பணியிடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்றும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு சொல்கிறது. வண்டி ஓட்ட இயலாது என்பதோடு, எந்த நேரத்தில் எந்த மேசை வேலையை எவ்வளவு நேரம் செய்ய இயலும் என்பதையும் மருத்துவர் எழுதித் தரட்டும். மாற்றுப் பணி கேட்கும் மனுவை அதோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.