‘தவிர’ என்ற சொல்லைத் தேடுங்கள்: பிளாஸ்டிக் கம்பனிகளும் அரசாங்கமும், ஒரு மாலைக் கேள்வி பதில்

கொழும்பில் ஒரு பொதியிடல் கம்பனியின் ஒழுங்குவிதிப் பிரிவில் பதினேழு வருசம் இருந்தேன். அரசாங்கம் புதிதாக ஏதாவது விதி கொண்டுவரப் போகிறது என்று மணத்தால், அதற்குப் பதில் எழுதுவதுதான் வேலை. இப்போது களுவாஞ்சிகுடியில் தென்னை பார்க்கிறேன். கம்பனிகள் அரசாங்கத்தை எப்படி வளைக்கின்றன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதைப் பிரதேச சபையிடம் கேளுங்கள்.

கல்லடிப் பாலம்: சேர், விதி எழுதுபவர்களைத் தம் பக்கம் வளைக்கும் இந்த ‘லொபி’ என்பது லஞ்சத்துக்கு வைத்த நாகரிகப் பெயர்தானே?

லஞ்சம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் காலத்தில் பெரும்பாலும் அதற்குத் தேவையே வரவில்லை. ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். நீள மேசை, மாலு பணிஸ், ஆறிப்போன பால்தேத்தண்ணீர். அரசாங்கப் பக்கம் ஒரு அதிகாரியும் ஃபைல் தூக்க ஒரு பிள்ளையும். எங்கள் பக்கம் ஒரு இரசாயனவியலாளர், ஒரு சட்டத்தரணி, ஆய்வுகூட அறிக்கைகள், அப்புறம் நான். பையின் தடிப்பு ஒரு மைக்ரோன் கூடினால் விலை எவ்வளவு கூடும், எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதையெல்லாம் அந்த அதிகாரி எங்களிடம்தான் கேட்டார். கேட்க வேறு ஆள் இல்லை. கணக்கு எங்களுடையது, அதை வைத்து அவர் எடுத்த முடிவு மட்டும் அவருடையது.

‘தடை வேண்டாம்’ என்று நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. கடிதத்தின் முதல் வரி எப்போதும் ‘சுற்றாடலைக் காக்கும் அரசின் முயற்சியை வரவேற்கிறோம்’. பிறகுதான் கொஞ்சம் அவகாசம் கேட்போம், வரைவிலக்கணத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொல்வோம். ஒருமுறை வரைவில் ‘உடனடியாக’ என்று இருந்தது. என் மேலாளர் பென்சிலால் அதை வெட்டி ‘படிப்படியாக’ என்று எழுதினார். கடைசியில் அச்சில் வந்ததும் ‘படிப்படியாக’தான். அன்று இரவு எங்களுக்குப் பிரியாணி.

ஆகவே வர்த்தமானி வந்தால் தலைப்பைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். உள்ளே ‘தவிர’ என்ற சொல் எங்கே என்று தேடுங்கள். 2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சாஷே தடை. எதைத் தவிர? உணவும் மருந்தும் தவிர.

காத்தான்குடிக் கடை: அண்ணன், சொப்பிங் பேக்குக்குக் காசு வாங்கச் சொல்லிவிட்டார்கள். சனம் என்னோடு சண்டை பிடிக்கிறது. பை செய்கிறவனிடம் போகாமல் ஏன் எங்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள்?

காக்கா, இதுதான் இன்றைக்கு நல்ல கேள்வி. 2025 நவம்பர் 1 முதல் பையைச் சும்மா கொடுக்கக்கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்பது விதி. சண்டை உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில். பை செய்தவர் அந்த இடத்திலேயே இல்லை. பழியை உற்பத்தியிலிருந்து கடைக்கும் வீட்டுக்கும் தள்ளிவிடும் இந்த வேலைக்கு வயது எழுபதுக்கு மேல்.

அமெரிக்காவில் 1953 இல் டின், போத்தல் கம்பனிகள் சேர்ந்து ‘அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்’ என்று ஒரு அமைப்பைத் தொடங்கின. 1971 இல் அது ஒரு விளம்பரம் போட்டது: குப்பையைப் பார்த்து ஒரு செவ்விந்தியர் கண்ணீர் விடுகிறார், ‘மாசைத் தொடங்குவது மனிதர்கள்’ என்கிறது குரல். (நடித்தவர் இத்தாலிய வம்சாவளி. அதை விடுங்கள்.) போத்தலைத் திருப்பி எடுக்கும் சட்டங்களை மாநிலங்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சட்டங்களை எதிர்த்தவர்களும் அதே கம்பனிகள்தான்.

1988 இல் பிளாஸ்டிக் கைத்தொழில் சங்கமே அந்த முக்கோண அம்புக்குறியையும் 1 முதல் 7 வரை எண்ணையும் கொண்டுவந்தது. உங்கள் கடையில் ஒரு யோகட் கோப்பையைத் திருப்பிப் பாருங்கள். அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. அதை மீள்சுழற்சி செய்ய யாராவது வாங்குவார்களா என்று சொல்லவில்லை. ஆனால் அம்புக்குறியைப் பார்த்தவுடன் மனம் ஆறிவிடுகிறது அல்லவா? உலகில் இதுவரை செய்த பிளாஸ்டிக்கில் மீள்சுழற்சிக்குப் போனது நூற்றுக்கு ஒன்பது அளவில்தான். கலிபோர்னியாவின் சட்டமா அதிபர் 2024 செப்டெம்பரில் எக்ஸான்மொபில் மீது வழக்குப் போட்டதும் இந்த மீள்சுழற்சி வாக்குறுதியை வைத்துத்தான்.

கம்பனிகள் உண்மையில் பயப்படுவது பைக்கு இருபது ரூபா வாங்குவதற்கு அல்ல. ‘செய்தவனே திரும்ப எடு, செலவையும் கட்டு’ என்ற விதிக்குத்தான். அதைப் பேசத் தொடங்கினால் எங்கள் மேசையில் பிரியாணி இல்லை.

உயர்தரம் 2026: சேர், பொலித்தீனுக்கும் பொலிஸ்டைரீனுக்கும் கட்டமைப்பு வித்தியாசம் எழுதித் தர முடியுமா? நாளைக்கு வேண்டும்.

மகள், உங்கள் இரசாயன ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் சம்பளம் வாங்குகிறார்.

ஓட்டமாவடி: சொப்பிங் பேக் எப்போது முழுதாகத் தடை?

முழுத் தடைக்குத் திகதி என்னிடம் இல்லை. காசு வாங்கும் விதியை மேலே பாருங்கள்.

திருக்கோவில் கடற்கரை: ஐயா, சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு, கூரை அஸ்பெஸ்டஸ் சீற். பல நாடுகளில் தடை என்கிறார்கள். இங்கே ஏன் விற்கிறார்கள்?

இதைக் கேட்க மாட்டீர்களா என்று காத்திருந்தேன். கூரைக்கு வரும் அஸ்பெஸ்டஸ் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து. நமது அரசாங்கம் அதைக் கட்டங்கட்டமாக நிறுத்துவதாக முடிவெடுத்து, 2018 தொடக்கத்தில் கட்டுப்பாடு வருவதாக இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா நமது தேயிலையில் ஒரு வண்டு கண்டதாகச் சொல்லி இறக்குமதியை நிறுத்தியது. ரஷ்யா நமது தேயிலையின் பெரிய வாடிக்கையாளர். சில நாளில் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைக் கொழும்பு தூக்கிக்கொண்டது, ரஷ்யாவும் தேயிலைக்குக் கதவைத் திறந்தது. வண்டு எங்கே போனதென்று யாரும் தேடவில்லை.

கூரைச் சீற்றில் இருக்கும் வெள்ளை அஸ்பெஸ்டஸை, ஆபத்தான இரசாயன வர்த்தகம் பற்றிய ரொட்டர்டாம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்க 2006 இலிருந்து முயல்கிறார்கள். பட்டியலில் சேர்ந்தாலும் தடை இல்லை. ஏற்றுமதி செய்யும் நாடு முன்கூட்டிச் சொல்லி, வாங்கும் நாட்டின் சம்மதம் பெற வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால், ஒருசில நாடு தலையாட்டாமல் இருந்தாலே போதும். அமெரிக்காவிலும் 1989 இல் வந்த தடையைக் கம்பனிகள் வழக்குப் போட்டு 1991 இல் உடைத்தன. வெள்ளை அஸ்பெஸ்டஸுக்கு அங்கே தடை வர 2024 ஆகிவிட்டது.

உங்கள் சீற்றைப் பற்றி: உடையாமல் இருந்தால் கைவைக்காதீர்கள். காய்ந்தபடி வெட்டாதீர்கள், துளைபோடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். அகற்றியே ஆக வேண்டும் என்றால் நனைத்துவிட்டு, முழுசாக இறக்குங்கள்.

வட்டை விதானை (சம்மாந்துறை): சேர், கம்பனி கெட்டது என்று ஒரே பாட்டு. 2021 இல் பசளையையும் களைநாசினியையும் ஒரே நாளில் நிறுத்தினார்களே. எங்கள் வட்டையில் என்ன விளைந்தது என்று யாராவது வந்து பார்த்தார்களா?

கெட்டது என்று நான் சொல்லவில்லை, கெட்டிக்காரர்கள் என்றேன். 2021 பற்றி நீங்கள் சொல்வது சரி. மே மாதம் வர்த்தமானி, நவம்பரில் வாபஸ். நெற்காரர்களுக்கு 40 பில்லியன் ரூபா நட்டஈடு என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். இரசாயனக் கம்பனிகளின் நூறு கடிதம் செய்யாத வேலையை அந்த ஆறு மாதம் செய்து கொடுத்தது. இனி யார் எந்தத் தடையைப் பேசினாலும் ‘2021 ஞாபகம் இல்லையா’ என்று ஒரு வரி போதும்.

அக்கரைப்பற்று இயற்கை: அது இயற்கை விவசாயத்தின் தோல்வி அல்ல, கம்பனிகளின் சதி.

சதி தேவைப்படவில்லை தம்பி. மாற்றுப் பசளை கையில் இல்லாமல் போகத்துக்கு இறக்கினால் பயிர் தானாகவே விழும். இன்னொன்று, இயற்கைப் பசளை விற்பவரும் கம்பனிதான். அதே வருசம் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில் கெட்ட பக்டீரியா இருப்பதாகச் சொல்லி நமது அதிகாரிகள் மறுத்தார்கள். பணம் கட்டவில்லை என்று மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 60 இலட்சம் டொலருக்கு மேல் கட்டினோம், அந்தப் பசளை இங்கே இறங்கவே இல்லை.

வட்டை விதானை: அப்போ கிளைபோசேட் களைநாசினி?

அதில்தான் உங்களுக்கு உண்மையான வயிற்றெரிச்சல் இருக்க வேண்டும். 2015 இல் எல்லாருக்கும் தடை. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்தார்கள். அப்போது நெல்லுக்கு இல்லை. தோட்டத் துரைமாருக்குச் சங்கம் இருக்கிறது, கொழும்பில் அலுவலகம் இருக்கிறது, ஏற்றுமதிக் கணக்கு இருக்கிறது. உங்களுக்கு இருப்பது கமநல நிலையத்துக் கூட்டமும் பிளாஸ்டிக் கதிரையும். ‘தவிர’ என்ற சொல் யாருக்காக எழுதப்படுகிறது என்பது இதில் தெரியும்.

வட்டை விதானை: கிரமொக்சோன் களைநாசினியையும் இப்படித்தான் பிடுங்கினார்கள். புல்லுக்கு அதைப்போல் ஒன்று இல்லை.

வாழைச்சேனை நேர்ஸ்: விதானை அண்ணன், அதைக் குடித்த பிள்ளைகளை நான் வார்ட்டில் பார்த்திருக்கிறேன். வாய் வெந்து, பேச முடியாமல், பிழைக்கப் போவதில்லை என்று அவர்களுக்கே தெரிந்து. புல்லைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

நான் நேர்ஸ் தங்கச்சியின் பக்கம். கிரமொக்சோன் செய்த கம்பனி அந்த நேரம் மாற்றுக் கலவை ஒன்றைக் கொண்டுவந்தது, 2004 இல் இலங்கையில்தான் இறக்கியது. குடித்தவர்களில் பிழைத்தோர் கொஞ்சம் கூடினார்கள் என்று ஆய்வும் வந்தது. போதவில்லை. ‘பொருளை நிறுத்தாதே, திருத்துகிறோம்’ என்பது எங்கள் தொழிலின் மிகப் பழைய பதில், நானே எழுதியிருக்கிறேன். ஆனால் இங்கே பீடைகொல்லிப் பதிவாளரிடம் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் இருந்தது, ஆஸ்பத்திரிக் கணக்கு இருந்தது. 20 சதவீதமாக இருந்த செறிவை 6.5 ஆகக் குறைத்து, 2008 இல் தொடங்கி 2011 ஓடு முழுதாக நிறுத்தினார்கள். கடும் நச்சுப் பீடைகொல்லிகளை 1995 இலேயே நிறுத்தியதையும் சேர்த்துப் பார்த்தால், நாட்டில் தற்கொலை வீதம் உச்சத்திலிருந்து ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. முந்தைய தடைகளால் நெல் விளைச்சல் குறையவில்லை என்றும் ஆய்வு இருக்கிறது.

வட்டை விதானை: அப்படிச் சொல்லித் தந்து செய்தால் யார் சண்டை பிடிக்கப் போகிறார்? 2021 இல் எங்களிடம் ஒருத்தனும் கேட்கவில்லையே.

இதற்கு என்னிடம் பதில் இல்லை விதானையார்.

ஏறாவூர்: சொப்பிங் பேக் முழுதாக எப்போது நிற்கும் சேர்?

இரண்டாவது தடவை. மேலே போங்கள்.

கல்முனை சட்டம்: வெளிநாட்டில் விதி இறுக்கம்தானே? அங்கே இந்த விளையாட்டு எடுபடாது.

அங்கேதான் பெரிய ஆட்டம். வித்தியாசம் என்னவென்றால் அங்கே லொபிக்காரர் பெயரைப் பதிய வேண்டும், இங்கே அப்படி ஒரு பதிவேடே இல்லை. அமெரிக்காவின் 1976 ஆம் ஆண்டு இரசாயனச் சட்டம், அப்போது சந்தையிலிருந்த ஏறத்தாழ 62,000 பொருட்களைச் சோதனை கேட்காமலே உள்ளே விட்டது. பை தடையில் பெயர் எடுத்த கென்யா அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் பேசியபோது, பிளாஸ்டிக் வியாபாரத்துக்கு அங்கே கட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்ளும்படி அமெரிக்க இரசாயனச் சங்கம் 2020 இல் தன் அரசாங்கத்துக்கு எழுதியது. உலகப் பிளாஸ்டிக் உடன்படிக்கைப் பேச்சில், 2024 இல் பூசானில் 220 கைத்தொழில் லொபிக்காரர்கள், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் 234 பேர் பதிந்து வந்திருந்ததாக ஒரு சட்ட அமைப்பு எண்ணிச் சொன்னது. ஜெனீவாவும் உடன்பாடு இல்லாமல் கலைந்தது.

அட்டாளைச்சேனை: பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானை பொலித்தீன் தின்று சாகிறது. இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

எட்டு வருசத்தில் ஏறக்குறைய இருபது யானை என்று 2022 இல் செய்தி வந்தது. குப்பையைக் கொட்டியது உள்ளூராட்சி சபைகள், வேலி போட வேண்டியவர்களும் அவர்கள், பேச்சு வாங்குபவர்களும் அவர்கள். காத்தான்குடிக் காக்காவுக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள், யானையை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம்: பதினேழு வருசம் சம்பளம் வாங்கிவிட்டு இப்போது புத்தி சொல்கிறீர்களே?

ஓம். தென்னங்காணி அந்தக் காசில் வாங்கியதுதான்.

மண்டூர் மாதர் சங்கம்: ஐயா, தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பம் போட எழுதியிருக்கிறோம்: ‘பொலித்தீன் தடை பற்றிய எல்லாத் தகவல்களும் தேவை.’ சரியா?

சரியில்லை. அப்படிக் கேட்டால் கைநூல் ஒன்றை அனுப்பிவிட்டு முடித்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: இன்ன திகதி வர்த்தமானியின் முதல் வரைவு, இறுதி வரைவு, இரண்டுக்கும் இடையில் நடந்த கலந்துரையாடல்களுக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல், அவர்கள் எழுத்தில் கொடுத்த கருத்துகளின் பிரதிகள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் என்று தலைப்பில் போடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். வரைவுகள் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பென்சில் கோடு எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.