நூறு சிறுவர்களும் ஒரு குடையும்

அன்புள்ள எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். மாலை நேரங்களில் எனக்கென்று வரைவதுண்டு. கொரியா, சீனா, ஜப்பான், தைவான் முதலிய, பண்டைச் சீன அறிஞர் கன்பூசியஸின் நெறி வேரூன்றிய நாடுகளில் குழந்தைப் பிறப்பு குறைந்துவருவதைப் பற்றி ஒரு குறியீட்டு ஓவிய வரிசையைத் தொடங்கியிருக்கிறேன். முதல் ஓவியத்தில் மூதாதையர் பீடத்தின் முன் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார். பீடத்தில் பெயர்ப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன; கடைசிப் பலகையில் பெயரில்லை. அவர் கையில் பிளந்த மாதுளை, அதனுள் ஒரே ஒரு முத்து. ஓரத்தில் காலித் தொட்டில்.

மாதுளை அந்நாட்டவருக்குப் புரியும் குறியீடுதானா? இந்த வீழ்ச்சிக்குக் காரணம் கன்பூசியப் பண்பாடா, அல்லது அதைக் கைவிட்டதா? தமிழனான நான் இதை வரையலாமா? இத்தகைய கலையால் இளைஞர்களின் மனத்தை மாற்ற முடியுமா? நீங்கள் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் கேட்கிறேன். எனக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டிலும் இப்போது இதே பேச்சுதான்.

அன்புடன்,
சுரேந்தர்

அன்புள்ள சுரேந்தர்,

மாதுளை புரியும். சீனத் திருமண அறைகளிலும் கொரிய நாட்டுப்புற ஓவியங்களிலும் பிளந்த மாதுளையும் திராட்சைக் கொத்தும் சுரைக்கொடியும் பல நூற்றாண்டுகளாக வாரிசு வேண்டியே வரையப்பட்டுவந்திருக்கின்றன. தமிழன் வரையலாமா என்ற கேள்விக்கு நேரம் செலவிட விரும்பவில்லை. கை உங்களுடையது, வரையுங்கள். கன்பூசியஸைக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பெற்றோருக்குச் செய்யும் குற்றங்கள் மூன்று, அவற்றுள் வாரிசின்மையே பெரியது என்ற புகழ்பெற்ற வாக்கியம் அவருக்குப் பல தலைமுறை பின்னால் வந்த சிந்தனையாளர் மென்சியஸின் நூலில் இருக்கிறது. மேலும், கன்பூசியஸை அறியாத இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிறப்பு விகிதம் தரைதட்டி நிற்கிறது. உங்கள் தமிழ்நாடும் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்ற அளவுக்குக் கீழே இறங்கிப் பல ஆண்டுகளாகின்றன.

உங்கள் கடிதத்தை வேறொரு காரணத்துக்காக எடுத்துக்கொண்டேன். நீங்கள் விவரித்த ஓவியத்தை மனத்தில் வரைந்து பார்த்தேன். ஒரு கிழவர் இருக்கிறார், இறந்தவர்கள் இருக்கிறார்கள், பழம் இருக்கிறது, தொட்டில்கூட இருக்கிறது. பிள்ளை பெற வேண்டியவளை மட்டும் காணவில்லை. இது உங்கள் தனிப்பட்ட மறதி என்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் அந்தச் சமூகங்களின் ஓவிய மரபே ஆயிரம் ஆண்டுகளாக இதைத்தான் செய்துவந்திருக்கிறது என்பதும், நீங்கள் அறியாமலே அந்த மரபின் உண்மையான சீடராகிவிட்டீர்கள் என்பதும்தான் சில காலமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம்.

'நூறு பிள்ளைகள்' என்றொரு ஓவிய வகை சீனாவில் உண்டு. கொரியாவுக்கும் அது சென்று மடிப்புத் திரைகளில் குடியேறியது. தோட்டமும் தாமரைக் குளமும் மண்டபங்களும் நிறைந்த வெளியில் குழந்தைகள் ஓடுகிறார்கள், பொம்மைக் குதிரை ஏறுகிறார்கள், மல்லுக்கட்டுகிறார்கள், அதிகாரிகளைப் போல ஊர்வலம் போகிறார்கள். எண்ணிப் பாருங்கள், அத்தனை பேரும் ஆண் பிள்ளைகள். நூறு குழந்தைகளைப் பெற்ற தாய்மார்களில் ஒருத்தியாவது பின்புறத் திண்ணையில் சோர்ந்துபோய் அமர்ந்திருக்கிறாளா என்றால், இல்லை. விதிவிலக்கு இல்லாமலில்லை. தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள சூ ஹான்சென்னின் இலையுதிர்காலத் தோட்ட ஓவியத்தில் அக்காவும் தம்பியும் முக்காலியின்மேல் குனிந்து இலந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கிறார்கள். சோங் அரசமரபுக் காலத்து ஓவியர் ஒருவருக்கு ஒரு பெண் குழந்தை கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் அவள் மரபாகவில்லை. நூறு சிறுவர்களே மரபானார்கள்.

அந்த மரபின் உச்சம் ஓவியத்தில் இல்லை, ஓர் உடையில் இருக்கிறது. பெய்ஜிங்குக்கு வெளியே உள்ள மிங் அரசமரபினரின் கல்லறைகளில் ஒன்றான திங்லிங்கை 1956இல் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே ஒரு பெண்ணின் சவப்பெட்டியில் சிவப்புப் பட்டுச் சட்டை ஒன்று கிடைத்தது. அதில் பொன்னிழையால் டிராகன்களும், அவற்றைச் சுற்றிலும் பூக்களுக்கு நடுவே விளையாடும் நூறு சிறுவர்களும் தைக்கப்பட்டிருந்தார்கள். நான் பார்த்தது அதன் நகலைத்தான். முதலில் ஊசிவேலையின் நுணுக்கம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சற்று நேரம் கழித்தே அத்தனை சிறுவர்களும் ஓர் உடம்பின்மேல் சுமத்தப்பட்டிருக்கிறார்கள் என்பது உறைத்தது. தோளிலும் முதுகிலும் கையிலும் அவர்கள் ஏறி விளையாடுகிறார்கள்.

அந்த உடம்புக்குரியவள் வாங் என்னும் பணிப்பெண். வான்லி பேரரசரின் தாயாருக்குப் பணிவிடை செய்தவள். 1582இல் அவள் பேரரசரின் மூத்த மகனைப் பெற்றாள். காலப்போக்கில் பேரரசர் அவளை ஒதுக்கிவைத்தார். வேறொரு மனைவியின் மகனே பட்டத்துக்கு வர வேண்டும் என்று விரும்பினார். மூத்தவனுக்கே பட்டம் என்று கன்பூசிய நெறி சொல்வதால் அமைச்சர்கள் ஆண்டுக்கணக்கில் அவரோடு போராடினார்கள். 1601இல்தான் அந்த மகன் இளவரசனாக அறிவிக்கப்பட்டான். தாய்க்கு அதனால் விடிவு பிறக்கவில்லை. தனிமையில் வாழ்ந்து பார்வை இழந்த அவள் 1611இல் மரணப் படுக்கையில் இருந்தபோது மகனுக்கு ஒருவழியாக அவளைக் காண அனுமதி கிடைத்தது. கண் தெரியாத அவள் மகனுடைய உடையைத் தடவிப் பார்த்து, இவ்வளவு வளர்ந்துவிட்டாய், இனி எனக்குக் குறையில்லை என்று அழுததாக மிங் வரலாறு எழுதிவைத்திருக்கிறது. 1620இல் மகன் அரியணை ஏறி ஒரு மாதத்தில் இறந்தான். பேரன்தான் அவளுக்குப் பேரரசி மரியாதை செய்து, பேரரசரின் கல்லறைக்குள் கொண்டுபோய் வைத்தான். நூறு பிள்ளைகளை உடுத்திக் கிடந்தவளுக்கு தன் ஒரே மகனைக்கூடக் கடைசியில் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. குறியீட்டுக் கலையைப் பற்றி என்னிடம் கேட்டீர்கள் அல்லவா? எனக்குத் தெரிந்த மிகப் பெரிய குறியீடு இந்தச் சட்டைதான். அதைத் தைத்த கைகள் இந்தப் பொருளை நினைத்திருக்க மாட்டா என்பது வேறு விஷயம்.

குறியீடுகளால் மனத்தை மாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் நீங்கள் விரும்பும் திசையில் அல்ல. ஜப்பானில் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருப்புக் குதிரை ஆண்டு வரும். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனுக்கு ஆகாதவள் என்பது நம்பிக்கை. 1965இல் அங்கே சுமார் 18 லட்சத்து 20 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. 1966 நெருப்புக் குதிரை ஆண்டு. பிறப்பு சுமார் 13 லட்சத்து 60 ஆயிரமாகச் சரிந்து, மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது. அதாவது, அதிவேக ரயில் ஓடத் தொடங்கிவிட்ட ஒரு நாட்டில், பெண் பிறந்துவிடுமோ என்ற அச்சம் ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்குப் பிறப்பை நிறுத்திக் காட்டியது. குதிரை ஆண்டுப் பெண்ணைப் பற்றிய இதே அச்சம் கொரியாவிலும் உண்டு; 1990 அங்கே வெள்ளைக் குதிரை ஆண்டு. அதற்குள் கரு ஆணா பெண்ணா என்று காட்டும் ஸ்கேன் வந்துவிட்டது. நூறு பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் என்ற விகிதத்தில் அந்த ஆண்டின் பிறப்புகள் பதிவாயின; இயற்கையான விகிதம் 105 அளவில்தான் இருக்கும். அன்று பிறக்க விடப்படாத பெண்கள் இருந்திருந்தால் இன்று முப்பதுகளின் நடுவில் இருப்பார்கள். 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்று கொரியா விழுந்ததற்கு வீட்டு விலை, தனிப்பயிற்சிச் செலவு, பிள்ளை பெற்றவளை வேலையில் ஓரங்கட்டும் வழக்கம் என்று பல காரணங்கள் சொல்வார்கள், எல்லாமே உண்மைதான். ஆனால் உங்கள் முதியவர் இன்று பலகையைப் பார்த்துக் கலங்குவதற்கு முன்னால் 1990இல் ஸ்கேன் அறைக்கு வெளியே என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று யாராவது அவரைக் கேட்க வேண்டும். அந்தப் பீடத்திலேயே, பிறந்த வீட்டு மகளுக்கு மரபுப்படி பலகை கிடையாது.

இனி என் கதை. நான் 1970களில் சிங்கப்பூரில் பிறந்த மூன்றாவது பெண். அந்நாட்களில் இங்கே 'இரண்டோடு நிறுத்துங்கள்' இயக்கம் உச்சத்தில் இருந்தது. மூன்றாவது பேற்றுக்கு ஊதியத்தோடு விடுப்பு கிடையாது, பிள்ளை எண்ணிக்கை கூடக்கூடப் பிரசவக் கட்டணமும் கூடும், கருத்தடை செய்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. சுவரொட்டிகள் நான்கு மொழிகளிலும் வந்தன. தடுப்பூசி போடக் கூட்டிச்சென்ற இடத்தில் அவற்றில் ஒன்று ஒட்டியிருந்தது: ஒரே குடையின் கீழ் இரண்டு சிறுமிகள். பெண்ணோ ஆணோ, இரண்டு போதும் என்பது செய்தி. பெரியவள் என் மூத்த அக்கா, சின்னவள் நடு அக்கா என்று நானாக முடிவுசெய்துகொண்டு, நான் எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "குடை சின்னதுடி, நீ நனைஞ்சுக்கிட்டே வா" என்றார் அம்மா. பக்கத்தில் இருந்த சீனப் பாட்டிக்கு மொழி புரியாவிட்டாலும் அம்மாவின் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார்.

வளர்ந்த பிறகுதான் அந்தச் சுவரொட்டியின் விசித்திரம் எனக்கு விளங்கியது. நூறு சிறுவர்களின் மரபில் வந்த ஒரு சமூகத்தில், ஆண் வாரிசு இல்லாமல் இரண்டு பெண்களை மட்டும் நிற்கவைத்து, இந்தக் குடும்பம் நிறைவானது என்று சொன்ன படம் அது. சீனாவிலும் இதுவே நடந்தது. ஒரு குழந்தைத் திட்டக் காலத்துச் சுவரொட்டிகள் பலவற்றில் பெற்றோரின் கையில் இருப்பது பெண் குழந்தைதான். மகன் வேண்டும் என்ற ஆசையை உடைப்பதற்காக அரசு அவளை வேண்டுமென்றே அங்கே நிறுத்தியது. பிறப்பைக் கொண்டாடிய நூற்றாண்டுகளில் ஓவியத்துக்குள் வர முடியாத பெண் குழந்தை, பிறப்பை நிறுத்தச் சொன்ன ஓவியத்தில்தான் நடுநாயகமாக வந்து நின்றாள். இதைவிடக் கசப்பான கலை வரலாறு எனக்குத் தெரியாது. அந்தச் சுவரொட்டி என்னை வேண்டாம் என்றது. ஆனால் என் அக்காக்களை மதித்த முதல் படமும் அதுதான். நான் அதை இன்றுவரை வெறுக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

பிறகு காற்று திசைமாறியது. 1987இல் சிங்கப்பூர், வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. சீனாவில் 2016 குரங்கு ஆண்டுத் தபால்தலையில் மூத்த ஓவியர் ஹுவாங் யோங்யூ இரு குட்டிகளோடு ஒரு தாய்க் குரங்கை வரைந்தார். 2019 பன்றி ஆண்டுத் தபால்தலையில் குட்டிகள் மூன்றாயின. 2016இல் அங்கே பிறந்தவை சுமார் ஒரு கோடியே 79 லட்சம், 2023இல் 90 லட்சம். கொரிய உள்துறை அமைச்சகம் 2016 டிசம்பரில் ஒரு வரைபடத்தையே வெளியிட்டது: எந்தெந்த வட்டாரத்தில் கருவுறும் வயதுப் பெண்கள் எத்தனை பேர் என்று இளஞ்சிவப்பு நிறத்தின் அடர்த்தியால் காட்டிய நாட்டுப்படம். பெண்கள் கொதித்தெழுந்தார்கள், படம் உடனே விலக்கிக்கொள்ளப்பட்டது. பல நூற்றாண்டுகள் ஓவியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் கடைசியில் உள்ளே அழைக்கப்பட்டாள், ஒரு நிறப்பொட்டாக.

ஆகவே சுரேந்தர், உங்கள் ஓவியம் அழகாகவே இருக்கலாம். உங்கள் அக்கறை பொய்யில்லை என்பதும் கடிதத்தின் நடையிலேயே தெரிகிறது. ஆனால் இப்போதிருக்கும் நிலையில் அது அந்த அமைச்சகத்தின் வரவேற்பறையில் மாட்டத்தக்கது. காலித் தொட்டிலை வரைவது எளிது, பார்ப்பவர் உடனே உச்சுக் கொட்டுவார். அந்த வீட்டில் பெற்றுக்கொள்ள மறுத்தவளோ, முடியாமல் போனவளோ, ஒன்றோடு நிறுத்திக்கொண்டவளோ எங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று வரைவதுதான் கடினம், ஏனென்றால் அதற்கு அவளைத் தெரிந்திருக்க வேண்டும். கிழவரை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவரும் இருக்கட்டும், ஆனால் ஓவியத்தின் மையத்தை அவருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் உங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். யார் பேசுகிறார்கள் என்று சொல்லவில்லை. உங்கள் பெற்றோராக இருக்கும் என்று ஊகிக்கிறேன். உங்கள் மனைவி இந்த ஓவியத்தைப் பார்த்தாரா என்பதும் கடிதத்தில் இல்லை. அடுத்ததை எனக்கு அனுப்பும் முன் அவரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்.