மதியத்தில் சாப்பிடுகிறவர்களின் எம்.பி.

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் கெர்ரி மாவட்ட அரசியல்வாதி ஜாக்கி ஹீலி-ரே பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஆறு வருடமாக டப்ளினில் வேலை பார்க்கிறேன். இங்கே அலுவலகத்தில் அந்தக் குடும்பத்தின் பெயரை எடுத்தாலே சிரிக்கிறார்கள். சட்டம் இயற்ற வேண்டிய சபைக்குப் போய் ரோட்டுப் பள்ளத்தைப் பேசியவரை நீங்கள் அவ்வளவு மரியாதையோடு எழுதியது எனக்கு ஒப்பவில்லை. மகன்களும் அதே வழியில் வந்துவிட்டார்கள். எனக்கோ இங்கே ஓட்டு கிடையாது, பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிகிறது.

ஆர்.கே., டப்ளின்

அன்புள்ள ஆர்.கே.,

ஜாக்கியின் ஊரான கில்கார்வன் டப்ளினிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே ரோட்டில் பள்ளம் விழுந்தால் ஊர்க்காரர்கள் யாரிடம் போவார்கள்? மாவட்ட உள்ளாட்சியான கவுண்டி கவுன்சிலிடம்தானே போக வேண்டும். ஆனால் கவுன்சிலிடம் பணம் இல்லை. 1977 தேர்தலில் வீட்டு வரியை எடுத்துவிடுவோம் என்று ஃபியானா ஃபாயில் கட்சி வாக்குக் கொடுத்தது. ஜெயித்தது, மறு வருடமே எடுத்தும்விட்டது. கவுன்சில்களின் சொந்த வருமானத்தில் பெரிய பங்கு அதோடு போயிற்று. அன்றிலிருந்து ஒரு கிராமத்து ரோட்டுக்கும் டப்ளினின் கையைப் பார்க்க வேண்டும். 2013-இல் சொத்து வரி திரும்ப வந்த பிறகும் இது பெரிதாக மாறவில்லை.

இதோடு தேர்தல் முறையையும் சேர்த்துப் பாருங்கள். ஜாக்கி நின்ற தெற்கு கெர்ரியில் மூன்று இடங்கள். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார். நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் ஜெயித்துவிடலாம். ஒரே கட்சியில் இரண்டு பேர் நின்றால் அவர்களுக்குள்ளேயே போட்டி. கொள்கை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அப்புறம் எதைக் காட்டி ஓட்டுக் கேட்பது? யார் ஓடி ஓடி வேலை முடித்துக் கொடுக்கிறார் என்பதைத்தான் காட்ட முடியும்.

அதனால்தான் அங்கே எம்.பி.க்கள் ‘கிளினிக்’ நடத்துகிறார்கள். பப்பின் பின்னறையிலோ ஹோட்டலின் ஒரு மூலையிலோ மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அம்மாள் வருவார். இலவச மருத்துவத்துக்கான மெடிக்கல் கார்டு கேட்டு எழுதியிருப்பார், மாதக்கணக்கில் பதில் வந்திருக்காது. எம்.பி. விவரத்தைக் குறித்துக்கொண்டு ஒரு கடிதம் போடுவார். கார்டு வரும். அந்த அம்மாளுக்குச் சட்டப்படி வர வேண்டியதுதான் வந்தது. ஆனால் சாகும்வரை அவர் நன்றி சொல்வது அந்த எம்.பி.க்கு. என்னை உறுத்துவது இந்த இடம்தான். உரிமையாக வர வேண்டியது அங்கே உபகாரமாக வந்து சேர்கிறது.

ஜாக்கிமேல் எனக்கு இருக்கும் மரியாதையை மறைக்க மாட்டேன். 1931-இல் கில்கார்வனில் பிறந்தவர், தலையில் தட்டைத் தொப்பி, ஊரில் சொந்தமாக ஒரு பப். 1973 முதல் கவுன்சிலர். ஃபியானா ஃபாயிலுக்காக வருடக்கணக்கில் தேர்தல் வேலை பார்த்தவருக்கு 1997-இல் அந்தக் கட்சி சீட் கொடுக்கவில்லை. 66 வயதில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். உங்களுக்கு ஓட்டுப் போட்ட எளிய ஜனங்கள் யார் என்று கேட்டதற்கு, மதியத்தில் ‘டின்னர்’ சாப்பிடுகிறவர்கள் என்றார். காலையில் வயலுக்குப் போய்விட்டு உச்சிவேளையில் முழுச் சாப்பாடு சாப்பிடுகிற வீட்டில் டின்னர் என்றால் அதுதான். ராத்திரி டின்னர் நகரத்து வழக்கம். அந்த ஒரு பதிலில் தன் ஜனங்கள் யார் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

அந்தத் தேர்தலில், பிரதமரான ஃபியானா ஃபாயில் தலைவர் பெர்ட்டி அஹெர்னின் கூட்டணிக்கு 166-இல் 81 இடங்கள்தான். ஜாக்கி உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சுயேச்சைகள் தாங்கித்தான் அந்த ஆட்சி ஐந்து வருடம் ஓடியது. தெற்கு கெர்ரிக்கு ரோடுகள் வந்தன. ஆனால் கவுன்சிலுக்குத் தன் காலில் நிற்கிற பலம் வரவில்லை. கால் நூற்றாண்டு கவுன்சிலராக இருந்தவருக்கு அந்த வலி தெரியாமல் இருந்திருக்காது. என் முதல் வருத்தம் அது. இரண்டாவது இன்னும் பெரியது. 2010 டிசம்பரில், குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 8.65 யூரோவிலிருந்து 7.65 யூரோவாகக் குறைக்க முடிவெடுத்த அரசின் பட்ஜெட்டுக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். மதியத்தில் சாப்பிடுகிறவர்களைத்தான் அது முதலில் அடித்தது. மறு வருடத் தேர்தலில் அவர் நிற்கவில்லை, மகன் மைக்கேல் நின்று ஜெயித்தார். 2014-இல் ஜாக்கி காலமானார்.

வாரிசு அரசியல்தான், சந்தேகமே இல்லை. 2016-இல் கெர்ரியின் ஐந்து இடங்களில் முதல் இரண்டும் மைக்கேலுக்கும் ஜாக்கியின் இன்னொரு மகன் டேனிக்கும் போயின. 2013-இல் கவுன்சிலராக இருந்த டேனி, ஒதுக்குப்புறத்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று கிளாஸ் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் போக பர்மிட் தரவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 5-க்கு 3 என்று அது நிறைவேறவும் செய்தது. தீர்மானம் தப்பு, ஆபத்தானதும்கூட. ஆனால் ராத்திரி பஸ் இல்லாத மலையோரத்தில் தனியாக இருக்கும் கிழவர் பப்புக்குப் போவதையும் விட்டுவிட்டால் யார் முகத்தைப் பார்ப்பார் என்ற கவலை உண்மையானது. உங்கள் அலுவலகத்தில் சிரிக்கிறவர்கள் அந்தக் கவலைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு ஓட்டு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாடாளுமன்றத்துக்கு இல்லை, சரி. உள்ளாட்சித் தேர்தலுக்கு உண்டு. அயர்லாந்தில் வசிக்கிற, 18 வயதான யாரும் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் அதில் ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அடுத்தது 2029-இல். வேட்பாளர் உங்கள் வாசலுக்கே வருவார். ஜாக்கியிடம் நான் கேட்க விரும்பிய கேள்வியை அவரிடம் கேளுங்கள்: இந்தக் கவுன்சில் செலவழிக்கும் பணத்தில் எவ்வளவு கவுன்சிலே தீர்மானிக்கிறது?