ஸ்மாக் ஃபெயிலான காரை சாரிட்டிக்குக் குடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா, நாங்க கலிஃபோர்னியால இருக்கோம். எங்க 2006 மாடல் கார் இந்தத் தடவை ஸ்மாக் செக்ல, அதான் வண்டிப் புகை டெஸ்ட்ல, ஃபெயிலாயிடுச்சு. மெக்கானிக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையை சுத்தம் பண்ற பாகம்) மாத்தணும்ங்கறாரு, அவர் கேக்கற பணத்துக்கு வேற பழைய வண்டியே வாங்கிடலாம் போல. என் வீட்டுக்காரர், பேசாம சாரிட்டிக்குக் குடுத்துடலாம், ஆன்லைன்ல இந்த வண்டிக்கு 3,000 டாலர் மதிப்பு காட்டுது, அதை டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்ங்கறாரு. ஃபெயிலான வண்டியை குடுக்கலாமா? 3,000 கழிக்க முடியுமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: குடுக்கலாம்மா. ஓடாத வண்டியையே வந்து இழுத்துட்டுப் போற சாரிட்டிங்க நிறைய இருக்கு. ஆனா ஃபெயிலானதை மறைக்காம ஃபோன்லயே சொல்லிடுங்க, ரிப்போர்ட்டையும் பேப்பரோட சேத்துக் குடுங்க. கலிஃபோர்னியால வண்டி கை மாறும்போது பொதுவா ஸ்மாக் சர்டிஃபிகேட் குடுக்க வேண்டியது விக்கிறவங்க பொறுப்பு, அதனால இந்த வண்டி விஷயத்துல அது யார் தலைல விழும்னு சாரிட்டிகிட்ட முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.

3,000 டாலர் கணக்குதான் இடிக்குது. 2005-லருந்து சட்டம் மாறிடுச்சு. நீங்க குடுத்த வண்டியை சாரிட்டி அப்படியே ஏலத்துல வித்துட்டா, அது எவ்வளவுக்குப் போச்சோ அவ்வளவுதான் கழிக்க முடியும், ஆன்லைன்ல காட்டற மதிப்பு இல்ல. 500 டாலர் இல்லன்னா அதுக்கும் கம்மியா வித்தா, 500 அல்லது வண்டியோட மார்க்கெட் மதிப்பு, இதுல எது கம்மியோ அது. சாரிட்டியே வண்டியை அவங்க வேலைக்கு நிஜமா பயன்படுத்தினாலோ, பெரிய ரிப்பேர் செஞ்சு மதிப்பைக் கூட்டினாலோ, கஷ்டப்படற ஒருத்தருக்கு இலவசமாவோ ரொம்ப கம்மி விலைக்கோ குடுத்தாலோதான் மார்க்கெட் மதிப்பை முழுசா போடலாம். ஸ்மாக் ஃபெயிலான பழைய வண்டிக்கு இது நடக்கறது அபூர்வம், பெரும்பாலும் ஏலம்தான்.

இன்னொண்ணு, இந்தக் கழிவு ஐட்டமைஸ் பண்றவங்களுக்கு, அதாவது செலவுகளைத் தனித்தனியா காட்டிக் கழிக்கறவங்களுக்கு மட்டும்தான். ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (கணக்குக் காட்டாம எடுத்துக்கற நிலையான கழிவு) எடுக்கறவங்களா இருந்தா கார் குடுத்ததுக்கு டேக்ஸ்ல ஒரு பைசா குறையாது. சரி, ஐட்டமைஸ் பண்றீங்க, வண்டி 600 டாலருக்குப் போச்சு, உங்க டேக்ஸ் பிராக்கெட் 22 சதவீதம்னே வச்சுக்குவோம், ஃபெடரல் டேக்ஸ்ல கைல மிச்சமாகறது அதிகபட்சம் 132 டாலர். உங்க வீட்டுக்காரர் நெனச்ச தொகைக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க!

அதனால டோ ட்ரக்கை வரச்சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாத்துடுங்க, நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு இது தெரியறதே இல்லங்கறது எனக்கு ரொம்ப ஆதங்கம். பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர், பிஏஆர்னு சொல்வாங்க, ஸ்மாக் செக்கை நடத்தற அதே அரசு ஆபீஸ்தான், அவங்க கன்ஸ்யூமர் அசிஸ்டன்ஸ் புரோகிராம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. ஸ்மாக் ஃபெயிலான, தகுதியுள்ள வண்டியை அவங்ககிட்ட ஒப்படைச்சு ரிட்டயர் பண்ணினா, அதாவது உடைக்கக் குடுத்துட்டா, 1,350 டாலர் தர்றாங்க, வருமானம் ஃபெடரல் வறுமைக்கோட்டு அளவுல 225 சதவீதத்துக்குள்ள இருக்கற குடும்பத்துக்கு 2,000. அதே வருமான வரம்புக்குள்ள இருந்து வண்டியை வச்சுக்க ஆசைப்பட்டா, 1996 இல்லன்னா அதுக்கு அப்புறம் வந்த மாடலுக்கு ஸ்மாக் சம்பந்தப்பட்ட ரிப்பேருக்கு 1,450 டாலர் வரைக்கும் உதவி உண்டு, செலவுல ஒரு பங்கு நீங்களும் போடணும். இதெல்லாம் இப்போதைய தொகை, அப்பப்போ மாத்துவாங்க, அப்ளை பண்ற அன்னிக்கு அவங்க சைட்ல ஒரு தடவை பாத்துக்குங்க. முதல்ல அப்ளிகேஷன், அப்ரூவல் லெட்டர் வந்தப்புறம்தான் வண்டியை அவங்க சொல்ற டிஸ்மேன்ட்லர்கிட்ட (பழைய வண்டியை உடைக்கறவங்க) கொண்டுபோகணும், வண்டி தானா ஓடிப் போற நிலைமைல இருக்கணும், முன்னாடியே ஸ்க்ராப்புக்குத் தள்ளிட்டு அப்புறம் பணம் கேட்டா கிடைக்காது.

என்னைக் கேட்டா, நல்ல காரியத்துக்குக் குடுக்கணும்ங்கற எண்ணம் உங்களுக்கு நிஜமாவே இருக்கறதால சொல்றேன், வண்டியை ரிட்டயர் பண்ணி அந்த 1,350-ஐ பணமா சாரிட்டிக்குக் குடுங்க. வண்டியா குடுத்தா டோயிங், ஏலக் கமிஷன், நடுவுல இருக்கற கம்பெனி பங்குன்னு போக மிச்சம்தான் அவங்களுக்குப் போகும், பணமா குடுத்தா நீங்க குடுத்தது அப்படியே போய்ச் சேரும். புகை விடற வண்டியும் ரோட்டை விட்டுப் போயிடும். ஏலத்துல போனா அது அடுத்து எந்த ஊர்ல யார் வீட்டு வாசல்ல நின்னு புகை விடும்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இல்லண்ணா, வண்டியாவே குடுக்கறோம்னா அதுவும் சரிதான், வண்டி ஓடவே ஓடலன்னா அதுதான் வழியும். சாரிட்டி நிஜமாவே 501(சி)(3) அமைப்பான்னு, அதாவது டேக்ஸ் கழிவுக்குத் தகுதியுள்ள சாரிட்டியான்னு, ஐஆர்எஸ் (ஃபெடரல் டேக்ஸ் ஆபீஸ்) சைட்ல தேடிப் பாருங்க. பிங்க் ஸ்லிப்ல (வண்டியோட டைட்டில் பேப்பர்) கையெழுத்து போடும்போது வாங்கறவங்க பேரை காலியா விடாதீங்க. குடுத்த அஞ்சு நாளுக்குள்ள டிஎம்வி (வண்டிப் பதிவு ஆபீஸ்) சைட்ல ரிலீஸ் ஆஃப் லயபிலிட்டி, அதாவது வண்டி இனி என் பொறுப்பு இல்லங்கற நோட்டீஸ், போட்டுடுங்க, ஃப்ரீதான், இதை விட்டுட்டா எவனோ வாங்குற பார்க்கிங் டிக்கெட்டும் டோல் பில்லும் உங்க வீட்டுக்கு வந்துகிட்டே இருக்கும். டோல் கட்டற ஃபாஸ்ட்ராக் டேகை கழட்டிடுங்க, இன்ஷூரன்ஸை அதுக்கப்புறம் கேன்சல் பண்ணுங்க. 500 டாலருக்கு மேல கழிக்கறதா இருந்தா வித்த 30 நாளுக்குள்ள சாரிட்டி ஃபார்ம் 1098-சி (வண்டி குடுத்ததுக்கான டேக்ஸ் ரசீது) அனுப்பணும், வரலன்னா விடாம கேளுங்க, அந்தப் பேப்பர் இல்லாம கழிக்க முடியாது.

கேள்வி: எங்க வண்டியும் ஸ்மாக் ஃபெயில். சாரிட்டிக்கு பதிலா புதுசா படிக்க வந்திருக்கற ஊர்ப் பையனுக்கு சும்மா குடுத்துடலாமா சார்? - ஒரு வாசகர், சாக்ரமென்ட்டோ

பதில்: மனசு நல்ல மனசு, ஆனா ரிப்பேர் பண்ணாம குடுக்காதீங்க. சும்மா குடுத்தாலும் உங்க பொறுப்பு போகாது, டைட்டில் மாத்த 90 நாளுக்குள்ள எடுத்த ஸ்மாக் சர்டிஃபிகேட் வேணும், மனைவி, பிள்ளை, பெத்தவங்க, கூடப்பொறந்தவங்க மாதிரி நெருங்கின உறவுக்குத்தான் விலக்கு, ஊர்ப் பையன் அதுல வர மாட்டான். பேர் மாத்த முடியாத வண்டியை வச்சுகிட்டு அந்தப் பையன் என்ன பண்ணுவான், பார்ட் டைம்ல சம்பாதிக்கறதை மெக்கானிக்குக் குடுக்கணும். நீங்களே சரி பண்ணி பாஸ் பண்ண வச்சுக் குடுத்தா அதைவிடப் பெரிய உதவி இல்ல. எதுக்கு ஃபெயிலாச்சுன்னு வண்டி கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கற எரர் கோடை (கோளாறு நம்பரை) மெக்கானிக்கைப் படிக்கச் சொல்லுங்க, சில சமயம் சரியா மூடாத பெட்ரோல் டேங்க் மூடிகூட செக் இன்ஜின் லைட்டை எரிய வைக்கும், சில டாலர்ல முடியற வேலை.

கேள்வி: பேட்டரியை கழட்டி மாட்டினா செக் இன்ஜின் லைட் அணைஞ்சு ஸ்மாக் பாஸாயிடும்ங்கறாங்களே, உண்மையா? - ஒரு வாசகர்

பதில்: இல்லங்க. லைட் அணையும், ஆனா வண்டி கம்ப்யூட்டர் தானா செஞ்சு வச்சிருக்கற சோதனைங்க, மானிட்டர்னு சொல்வாங்க, அதெல்லாம் அழிஞ்சு முழுமையாகலன்னு காட்டும், அதுக்கே ஃபெயில் போட்டுடுவாங்க. 2010 மாடல், அதுக்கு அப்புறம் வந்த வண்டிங்கள்ல பெர்மனன்ட் கோடுன்னு, அழியாம நிக்கற எரர் கோடு ஒண்ணு இருக்கு, பேட்டரி கழட்டினாலும் போகாது, 2019 ஜூலைலருந்து அதையும் பாக்கறாங்க. கோளாறை சரி பண்ணிட்டு, சில நாள் சிட்டிலயும் ஹைவேலயும் கலந்து ஓட்டிட்டு அப்புறம் டெஸ்ட்டுக்குப் போங்க.