இரண்டாம் பெல்ட் என்று யார் சொன்னது?

கேள்வி: டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்தில் யுனைடெட் ஸ்டேட்ஸ் சாம்பியன் என்று ஒரு பெல்ட் கொடுக்கிறார்களே, அது உலகப் பட்டம் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசுதானே? எல்லாமே முன்கூட்டி முடிவு செய்த ஆட்டம். இதற்குப் போய் ரசிகர்கள் வரலாறு, பாரம்பரியம் என்று பேசுவது வேடிக்கையாக இல்லையா?
– கரூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: முடிவு செய்த ஆட்டம்தான். அதனால்தான் அந்த சாம்பியன்களின் பட்டியலைப் படிக்க வேண்டும் என்கிறேன். நிஜப் போட்டியில் பட்டம் யாரிடம் போகும் என்பதை உடம்பும் அதிர்ஷ்டமும் தீர்மானிக்கும். இங்கே அதைத் தீர்மானிப்பவர் காசு போட்ட முதலாளி. யார் முகத்தை போஸ்டரில் போட்டால் அடுத்த சில மாதங்களுக்கு அரங்கம் நிறையும் என்று பார்த்து அவர் கொடுக்கிறார். ஆக, அந்தப் பட்டியல் ஒரு வியாபாரியின் கணக்குப் புத்தகம். அதில் பொய் எழுதினால் நஷ்டம் அவருக்குத்தான்.

ஆறுதல் பரிசு என்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு சண்டை. நீங்கள் சொல்லும் பெல்ட் டபிள்யூடபிள்யூஇ-யில் பிறந்ததே இல்லை. வட கரோலினாவின் சார்லட் நகரிலிருந்து கரோலினா, வர்ஜீனியா பக்கங்களில் தொழில் நடத்திய ஜிம் குரோக்கெட் குடும்பத்தின் கம்பெனி 1975-ல் தொடங்கியது அது. அன்றைக்கு அமெரிக்கா முழுக்க மல்யுத்தம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதலாளி. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கடை போடக்கூடாது. 1948-ல் உருவான என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பில் இவர்கள் சேர்ந்திருந்தார்கள். உலக சாம்பியன் எல்லோருக்கும் பொது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், உள்ளூர் நாயகனோடு மோதி, பட்டத்தோடு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

உலக சாம்பியன் எப்போதாவது வரும் விருந்தாளி என்றால், மற்ற வாரங்களில் டிக்கெட் விற்பது யார்? உள்ளூர் பெல்ட்டை வைத்திருப்பவர்தான். கிரீன்ஸ்பரோவிலும் ரிச்மண்டிலும் இருந்த ரசிகருக்கு இது முதல் பெல்ட். உண்மையிலேயே இரண்டாம் இடத்துக்குப் போனதைத் தேடுகிறீர்கள் என்றால், அங்கே முன்பே இருந்த மிட்-அட்லாண்டிக் பட்டத்தைப் பாருங்கள். புதிய பெல்ட் வந்ததும் பாவம், அதுதான் கீழே இறங்கியது.

பெயரில் ஒரு துணிச்சல் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மாநிலங்களில் ஆட்டம் நடத்திக்கொண்டு ‘அமெரிக்க சாம்பியன்’ என்று அறிவிப்பது! குரோக்கெட் மட்டும் அல்ல, டெட்ராய்ட்டிலும் ஒரு அமெரிக்க சாம்பியன் இருந்தார். ‘தி ஷீக்’ என்ற மல்யுத்த வீரர் அந்தப் பட்டத்தைப் பல தடவை வைத்திருந்தார். 1981-ல்தான் கூட்டமைப்பு, குரோக்கெட்டின் பட்டமே ஒரே அமெரிக்கப் பட்டம் என்று ஏற்றுக்கொண்டது.

சரி, முதல் பெயர்களைப் பாருங்கள். முதல் சாம்பியன் ஹார்லி ரேஸ். 1973-லேயே உலக சாம்பியனாக இருந்தவர். புதுப் பெல்ட்டுக்கு கனம் வேண்டும் என்றால் கனமான ஆள் இடுப்பில் முதலில் அது ஏற வேண்டும் அல்லவா? ஜூலையில் அவரைத் தோற்கடித்து ஜானி வாலன்டைன் எடுத்துக்கொண்டார். அந்த வட்டாரமே அப்போது அவரைச் சுற்றித்தான் ஓடியது.

அப்புறம் நடந்ததை எந்த முதலாளியும் எழுதவில்லை. 1975 அக்டோபர் 4 அன்று சார்லட்டிலிருந்து வில்மிங்டனுக்குப் போன சிறிய செஸ்னா விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. வாலன்டைனின் முதுகெலும்பு நொறுங்கியது. அவர் மறுபடி மல்யுத்தம் செய்யவே இல்லை. 26 வயது ரிக் ஃபிளேருக்கு முதுகு மூன்று இடத்தில் முறிந்தது. விமானி பிழைக்கவில்லை. மேடையில் வில்லன்களான வாலன்டைன், ஃபிளேரோடு அதே விமானத்தில் நல்லவர் கட்சியைச் சேர்ந்த டிம் வுட்ஸும் இருந்தார். மேடையில் எதிரிகள் ஒன்றாகப் பயணம் செய்தது தெரிந்தால் தொழிலே கெட்டுவிடும். அடிபட்டுக் கிடந்த அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, தான் ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் ஒரு புரொமோட்டர் என்றார். சந்தேகம் கிளம்பியதும் இரண்டே வாரத்தில் வலியோடு மேடைக்குத் திரும்பினார். நாடகம் என்கிறீர்களே, அந்த நாடகத்தை இவர்கள் காப்பாற்றிய விதம் இது.

பட்டம் காலியானது. நவம்பரில் கிரீன்ஸ்பரோவில் போட்டித் தொடர் நடத்தினார்கள். டெர்ரி ஃபங்க் வென்றார். அதே மாதக் கடைசியில் பால் ஜோன்ஸிடம் தோற்றார். ஏன் இவ்வளவு அவசரம்? டிசம்பர் 10 அன்று மயாமியில் ஃபங்க் உலக சாம்பியன் ஆனார். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. நாளைய உலக சாம்பியனையே தோற்கடித்தவர் என்ற பெருமை உள்ளூர் நாயகனுக்குக் கிடைத்தது பாருங்கள். ஆறுதல் பரிசை யாராவது இப்படிப் பார்த்துப் பார்த்துக் கை மாற்றுவார்களா?

டாக்டர்கள் கைவிரித்த ஃபிளேர் சில மாதங்களில் திரும்பி வந்து, 1977 ஜூலையில் போபோ பிரேசிலைத் தோற்கடித்து இதே பெல்ட்டை வாங்கினார். 1981-ல் உலகப் பட்டம். ஜானி வாலன்டைனின் மகன் கிரெக்கும் 1982-ல் அப்பாவின் பட்டத்தைக் கட்டினார்.

நீங்கள் சொல்லும் இறக்கம் பிற்பாடு வந்தது, அதற்குக் காரணமும் ஃபிளேர்தான். அவர் குடியிருந்ததே சார்லட்டில். எண்பதுகளின் நடுவில் குரோக்கெட் டிவி நேரத்தை வாங்கி நாடு முழுக்கப் பரவியபோது, உலக சாம்பியன் விருந்தாளியாக இல்லாமல் வீட்டோடு தங்கிவிட்டார். வாரா வாரம் உலக சாம்பியனே திரையில் வந்து நின்றால் அடுத்தவருக்கு எந்த இடம்? அப்படியும் 1985 நவம்பரில் மேக்னம் டி.ஏ., இதே பெல்ட்டுக்காகக் கூண்டுக்குள் டல்லி பிளான்ச்சர்டை ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லவைத்து வென்ற ஆட்டம் அந்த வருடத்தின் எந்த உலகப் பட்ட ஆட்டத்துக்கும் சளைத்தது இல்லை. இது என் கருத்து. வேண்டுமானால் பார்த்துவிட்டு மறுத்து எழுதுங்கள்.

1988-ல் குரோக்கெட்டின் கம்பெனியை டிவி முதலாளி டெட் டர்னர் வாங்கினார். 2001-ல் டபிள்யூடபிள்யூஇ முதலாளி வின்ஸ் மக்மஹன் அதை வாங்கி, அந்த நவம்பரிலேயே பட்டத்தைத் தன் கம்பெனியின் இன்டர்காண்டினென்டல் பட்டத்தோடு கலந்து மூடிவிட்டார். எதிரியின் சொத்தை வாங்கியவர் செய்யும் வேலைதான். ஆனால் 2003-ல் அவரே தூசி தட்டி எடுத்தார். மறுவருடம் மார்ச்சில், அவர் கம்பெனி வருடம்தோறும் நடத்தும் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 20-ல், அங்கே இதற்கு முன் ஒரு பட்டமும் வெல்லாத ஓர் இளைஞர் ‘பிக் ஷோ’ என்ற வீரரைச் சாய்த்து அதை வாங்கினார். அடுத்த ரெஸில்மேனியாவில் அவர் பெரிய பட்டத்தையும் எடுத்தார். அவர் பெயர் ஜான் சீனா.